ஐந்து ஜிபி மேகமும் ஜலாலுதீன் குரலும்

வில்லியனூரில் மேகம் திறந்துவைத்த அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. ரிப்பன் வெட்டினார்கள், குத்துவிளக்கு ஏற்றினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். உடைத்த பூசணிக்காயில் வழுக்கி விழுந்த ஒரு வயர்மேனைத் தவிர விழாவில் வேறு குறையில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

முன்பு உர மூட்டை அடுக்கி வைத்திருந்த கட்டடத்தின் நெற்றியில் 'மக்கள் மேகச் சேமிப்பு இயக்ககம், வில்லியனூர் கொம்யூன் கிளை' என்று பலகை ஏறியது. அந்தப் பக்கம் பஞ்சாயத்துக்குக் கொம்யூன் என்று பேர். உள்ளே போனால் இன்னும் யூரியா வாடை. பொதுமக்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக, தெர்மோகோலில் ஒரு மேகம் வெட்டி, மின்விசிறிக்குப் பக்கத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். விசிறி சுற்றினால் மேகம் போய் றெக்கையில் மோதும். அதனால் 'மேகத்தின் பாதுகாப்பு கருதி விசிறி போட வேண்டாம்' என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. வரிசையில் நின்ற ஜனங்கள் முந்தானையாலும் துண்டாலும் விசிறிக்கொண்டார்கள். மேகம் மட்டும் ஆடாமல் அசையாமல் பத்திரமாக இருந்தது.

திட்டம் எளிமையானது. ரேஷன் கார்டு ஒன்றுக்கு ஐந்து ஜிபி இடம் இலவசம். வீட்டில் ஒரு போன் இருந்தாலும் ஐந்து, ஆறு போன் இருந்தாலும் ஐந்து. போன் உடையட்டும், தண்ணீரில் விழட்டும், திருடன் கொண்டு போகட்டும், உள்ளே இருந்ததெல்லாம் மேகத்தில் பத்திரமாக இருக்கும்.

இந்தக் கடைசி வாக்கியத்தை நம்பித்தான், திறந்து பத்து மாதம் கழித்து, சுல்தான்பேட்டையிலிருந்து தாஜ் நிஷா வந்திருந்தாள். அவள் போனின் பின்பக்கம் கழன்று, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தது. அதைக் கைக்குட்டையில் பொதிந்து, முட்டையைப் பிடிப்பது போல் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். உள்ளே அவள் புருஷன் ஜலாலுதீனின் குரல் இருந்தது.

அவர்கள் குடும்பம் நடத்திய விதம் அப்படி. ஜலாலுதீனுக்குத் திருபுவனையில் பிளாஸ்டிக் கம்பெனியில் நைட் ஷிப்ட். தாஜ் நிஷாவுக்குச் சேதராப்பட்டில் தையல் கம்பெனியில் பகல் ஷிப்ட். அவள் வரும்போது அவன் போவான். அவன் வரும்போது அவள் போவாள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வீட்டில் வேறு வேறு நேரத்தில் குடியிருந்தார்கள். பேச்செல்லாம் வாய்ஸ் மெசேஜில்தான்.

"தாஜு, கொழம்பு நல்லாத்தான் இருந்துச்சி. உப்பு மட்டும் யாரு வூட்டுக்குப் போச்சி?" என்று காலையில் ஒன்று வரும். "தலைவலி மாத்திரய டிவி மேல வெச்சிருக்கேன், தேடாத" என்று மாலையில் ஒன்று. சண்டையும் அதில்தான். அவன் கோபமாக ஒன்று அனுப்பினால், அவள் மெஷினை நிறுத்தி, சாப்பாட்டு இடைவேளையில் கேட்டு, பதில் சொல்லி, அதை அவன் தூங்கி எழுந்து கேட்பதற்குள் எதற்காகச் சண்டை என்பது இருவருக்குமே மறந்துபோயிருக்கும். தெருவில் அவர்களைப் போல் ஒற்றுமையான ஜோடி இல்லை என்று பேர்.

போன வருஷம் ஜலாலுதீனுக்குத் தொண்டை கட்டியது. கட்டிய தொண்டை இளகவே இல்லை. கடைசியில் குரல்வளையில் புற்று என்று சொல்லி, உயிரைக் காப்பாற்றுவதற்காகக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு துளை. அது வழியாகத்தான் மூச்சு. வேலையும் நின்றது. ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் அவன் பழைய போனும் தொலைந்து, வேறு வாங்கியிருந்தான்; அவன் அனுப்பியவை இனி அவள் போனில் மட்டும்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகச் சாயங்கால நேரத்தில் இருவரும் ஒன்றாக வீட்டில் இருந்தார்கள். பேச்சுதான் இல்லை.

தாஜ் நிஷா கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் போனைக் காதில் வைத்துக்கொள்வாள். யாருடனோ பேசுகிறாள் என்று பக்கத்து சீட்டுக்காரி நினைப்பாள். அவள் பழைய மெசேஜ்களைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அந்தப் போன் சூடேற ஆரம்பித்தது. தானாக அணைந்தது. "போர்டு போவப் போவுதுக்கா. உள்ள வேற எடமே இல்ல, ரொம்பி வழியுது. மொதல்ல இருக்கறத வேற எங்கியாவது ஏத்தி வெய்யி" என்றான் செல்போன் கடைக்காரன். போனோடு இலவசமாக வந்திருந்த வெளிநாட்டு மேகத்தின் இடத்தை எப்போதோ காலை வணக்க ரோஜாப் பூக்களும் சொந்தக்காரர்களின் கல்யாண வீடியோக்களும் பிடித்துக்கொண்டிருந்தன.

கவுண்டரில் செல்வகுமாரி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாம்மா ஏத்தணும்? போட்டோவா, வீடியோவா, பத்திரமா?"

"எங்க வூட்டுக்காரரு வாய்ஸும்மா."

"வாய்ஸுன்னு கட்டமே இல்லியே இதுல." செல்வகுமாரி திரையில் மேலும் கீழும் தேடினாள். "இதரன்னு போடறேன். ஆனா இதரன்னா சாரு கேக்கணும்."

"கேக்கட்டுமே, சொல்றேன்."

"உன்ன இல்லம்மா. வாய்ஸ கேக்கணும். உள்ள இன்னா இருக்குதுன்னு தெரியாம மேகத்துல ஏத்த முடியுமா?"

உதவி இயக்குநர் தமிழ்க்குமரன் மேஜைக்குப் பின்னால் கை கட்டி உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் கண்ணாடி டம்ளரில் தண்ணீர், தண்ணீரில் ஒரு எலுமிச்சம்பழம். கம்ப்யூட்டர் அவருக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி இருந்தது. தாஜ் நிஷாவின் போனை வாங்கி, ஸ்பீக்கரில் போட்டு, மேஜை நடுவில் வைத்தார். மற்ற மேஜைக்காரர்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். டீ கொண்டுவந்தவனும் நின்றான்.

தன் புருஷன் தன்னைக் கொஞ்சுவதையும் கெஞ்சுவதையும் ஒரு ஆபீஸே டீ குடித்துக்கொண்டு கேட்பதை, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி தாஜ் நிஷா கேட்டாள். "பாரேன், பாய் மல்லிப்பூ வாங்கி ஃப்ரிட்ஜுல வெச்சிருக்காராம்" என்று ஒருவர் சிரித்தார். தமிழ்க்குமரன் சிரிக்கவில்லை. அவர் கடமையில் இருந்தார்.

"இதுல நாட்டுக்கு விரோதமா எதுவும் இல்ல. ஆனா 'உப்பு யாரு வூட்டுக்குப் போச்சி'ன்னு வருதே. யாரையாவது மறைமுகமா குறிக்குதா?"

"என்னத்தான் சார் குறிக்குது."

"எழுதிக் குடுத்துடு" என்றார் அவர்.

அவள் எழுதிக் கொடுத்தாள். 'உப்பு குறைவாகப் போட்டது நான்தான்' என்று கையெழுத்தும் போட்டாள்.

தமிழ்க்குமரன் மனம் இளகினார். "ஏம்மா, மேகம்னா இன்னான்னு நெனைக்கிற? வெளிநாட்டுக்காரன் எடம் குடுக்கறான்னு ஓடறீங்க. நாளைக்கு அவன் இல்லன்னுட்டா யார்கிட்ட போய்க் கேப்ப? இங்க நான் இருக்கேன். காலையில பத்து மணிலேர்ந்து இந்த நாற்காலியிலதான் இருக்கேன். நான் எங்கியும் போவமாட்டேன். இதவிட உத்தரவாதம் உண்டா?"

அவர் எங்கும் போகக்கூடியவராகத் தெரியவில்லை.

கணக்கு திறந்தார்கள். திறந்த உடனேயே மேகம் ஏறக்குறைய நிரம்பிவிட்டது. தலைமை இயக்குநரின் வரவேற்புரை வீடியோ, திட்டத்தின் பாடல், அந்தப் பாடல் உருவான விதம், திறப்பு விழா முழுவதும், எல்லா மதத்துப் பண்டிகைக்கும் இயக்ககத்தின் வாழ்த்துகள், இவையெல்லாம் கட்டாய உள்ளடக்கம். எல்லாக் கணக்கிலும் இருக்கும். நீக்க முடியாது.

"இதயெல்லாம் நான் கேக்கவே இல்லியேம்மா" என்றாள் தாஜ் நிஷா.

"கேக்காமலே குடுக்கறதுதான இலவசம்" என்றாள் செல்வகுமாரி, நிஜமாகவே ஆச்சரியப்பட்டு.

மிச்சமிருந்த ஓரத்தில் ஜலாலுதீன் முழுவதும் அடங்க மாட்டான். வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளச் சொன்னார்கள். தாஜ் நிஷா இரண்டு நாள் லீவு போட்டு, வீட்டில் உட்கார்ந்து பொறுக்கினாள். மல்லிப்பூவை எடுத்துக்கொண்டாள். உப்பை எடுத்துக்கொண்டாள். கோபமாகப் பேசியதை விட்டுவிடலாம் என்று ஒதுக்கினாள். ஒதுக்கியதைக் கேட்டுப் பார்த்தால், "கம்பெனில மயக்கம் போட்டு வியுந்தியாமே, ஏண்டி எனக்கு சொல்லல? நான் செத்தா பூட்டேன்?" என்று கத்தியிருந்தான். அதையும் எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜலாலுதீன், தன் குரலைக் கேட்டுக் கேட்டுத் தலையை ஆட்டினான். ஒரு இடத்தில் கையைத் தட்டி அவளை நிறுத்தி, போனில் எழுதிக் காட்டினான்: 'இந்த ஆளு ரொம்பப் பேசறான். கொஞ்சம் குறைச்சிருக்கலாம்.' அவள் சிரித்துவிட்டு, எழுந்து அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

பொறுக்கியதை ஏற்றினார்கள். பச்சை டிக் விழுந்தது. தமிழ்க்குமரன் தன் கையால் 'தரவுப் பாதுகாப்புச் சான்றிதழ்' ஒன்றை லாமினேட் செய்து கொடுத்தார். போட்டோ எடுத்தார்கள். அதுவும் மேகத்தில் ஏறியது.

"இப்ப போன்ல இருக்கறத அழிச்சிடு" என்றார் தமிழ்க்குமரன்.

தாஜ் நிஷா போனை மார்போடு அணைத்துக்கொண்டாள். "எதுக்கு சார்? அதுலயும் இருந்துட்டுப் போவட்டுமே."

"மேகத்துலயும் இருக்கும், போன்லயும் இருக்கும்னா அதுக்குப் பேரு இன்னா தெரியுமா? இரட்டைப் பதிவு. ரெண்டு ரேஷன் கார்டு வெச்சுக்கற மாதிரி. ஒரு பொருள் ரெண்டு எடத்துல இருந்தா அதுல ஒண்ணு போலி. எது போலின்னு நாங்க எப்பிடி கண்டுபுடிக்கறது? அழிக்கலன்னா கணக்கு முடங்கிடும். நீயே வேணும்னு சொல்லித்தான வந்த?"

கூட வந்திருந்த ஜலாலுதீன் வேண்டாம் என்று கையை ஆட்டினான். பேச வாயைத் திறந்தான். கழுத்துத் துளையில் காற்றுதான் வந்தது.

"ஐயா எதாச்சும் ஆட்சேபணை இருந்தா வாய்விட்டுச் சொல்லலாம்" என்றார் தமிழ்க்குமரன், கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு, "ஆட்சேபணை இல்ல" என்று செல்வகுமாரிக்குச் சொன்னார். கணக்கு முடங்கினால் ஏற்றியதும் போய்விடுமே என்ற பயத்தில் தாஜ் நிஷா போனை நீட்டினாள். செல்வகுமாரி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்தாள். பொறுக்காமல் விட்டவையும் அதில் போயின.

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸில் ஏறி, ஜன்னல் சீட்டு பிடித்து, மேகத்தைத் திறந்தாள். வரவேற்புரை இருந்தது. பாடல் இருந்தது. கிறிஸ்துமஸ் வாழ்த்து இருந்தது. ஜலாலுதீன் இல்லை. அவன் இருந்த இடத்தில் கை கூப்பிய ஒரு பொம்மை நின்று, 'உங்கள் மேகம் சுத்தமாக உள்ளது. வாழ்த்துகள்!' என்று சொன்னது.

அவள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வந்த வழியே வில்லியனூருக்குத் திரும்பினாள். அரை நாள் சம்பளம் போனது நினைவுக்குக்கூட வரவில்லை.

"எதுவும் தொலையலம்மா" என்றார் தமிழ்க்குமரன் அவள் போன் திரையைப் பார்த்து. அவருக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. "நீ போன்ல அழிச்ச. ஒடனே மேகத்துலயும் அழிஞ்சிடுச்சி. ஒரு நிமிசம்கூட தாமதம் இல்ல. போன்ல இன்னா இருக்கோ அதான் மேகத்துல இருக்கும். போன்ல இல்ல, இங்கயும் இல்ல. இதுக்குப் பேரு ஒத்திசைவு. இது வேல செய்யுமான்னு எங்களுக்கே சந்தேகமா இருந்துச்சி. உன்னாலதான் நிரூபணம் ஆச்சி."

"நீங்கதான சார் அழிக்கச் சொன்னீங்க!"

"அழிக்கச் சொன்னது போன்ல. மேகத்துல அழின்னு நான் சொன்னனா? சொன்னா காட்டு."

தாஜ் நிஷா மேஜையைப் பிடித்துக்கொண்டாள். செல்வகுமாரி தண்ணீர் கொடுத்து, தணிந்த குரலில், "அழிச்சதெல்லாம் குப்பத் தொட்டில கொஞ்ச நாளு இருக்கும்க்கா. மீட்புப் பிரிவு பாகூர்ல இருக்குது. செவ்வாக்கிழமை மட்டும்தான் தொறப்பாங்க. போய்ப் பாரு" என்றாள்.

செவ்வாய்க்கிழமை தாஜ் நிஷாவும் ஜலாலுதீனும் பஸ் மாறி மாறிப் பாகூர் போனார்கள். ஏரிக்கரையை ஒட்டி ஒரு அறை. கதவில் 'மீட்பு அலுவலர் (பொறுப்பு)' என்று எழுதியிருந்தது. உள்ளே தமிழ்க்குமரன் உட்கார்ந்திருந்தார். அதே டம்ளர், அதே எலுமிச்சம்பழம். வரும்போது கையோடு கொண்டுவந்துவிடுவார் போல.

"யாரும்மா நீங்க? இன்னா விஷயம்?" என்றார்.

"சார், நாந்தான் சார். தாஜ் நிஷா. வில்லியனூர்ல..."

"மொதல்லேர்ந்து சொல்லு."

முதலிலிருந்து சொன்னாள். அவர் கேட்கக் கேட்க முகம் சிவந்தது. "போன்ல அழின்னு சொன்னாரா? யாரு, வில்லியனூர் உதவி இயக்குநரா? சே, இன்னா மனுசன் அவரு! காப்பி இருக்குதான்னு பாக்காம அழிக்கச் சொல்லுவாங்களா? இந்த மாதிரி ஆளுங்களாலதான் இயக்ககத்துக்கே கெட்ட பேரு."

"அது நீங்கதான சார்!"

"அங்க" என்றார் அவர். "இங்க நான் மீட்பு. அவரு செஞ்சதுக்கு நான் பொறுப்பாக முடியாது. அவருகிட்டேர்ந்து ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கிகினு வா."

"இப்பவே எழுதிக் குடுங்க சார்."

"செவ்வாக்கிழமைல அவரு எப்பிடிம்மா எழுதுவாரு?"

புதன்கிழமை வில்லியனூரில் கடிதம் கிடைத்தது. அடுத்த செவ்வாய் பாகூரில் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, "கையெழுத்து சரியில்ல, இருந்தாலும் ஏத்துக்கறேன்" என்றார். பிறகு ஒரு விதியைச் சொன்னார். மீட்க வேண்டியது குரல் என்றால், குரலின் சொந்தக்காரர் நேரில் வந்து, மைக்கில், தன் சொந்தக் குரலில், 'ஆம், சம்மதம்' என்று சொல்ல வேண்டும்.

ஜலாலுதீன் கழுத்தில் கட்டியிருந்த துணியை விலக்கிக் காட்டினான்.

தமிழ்க்குமரன் எட்டிப் பார்த்தார். "பாவம். ஆனா இது மருத்துவ விஷயம். எனக்கு வேண்டியது குரல்."

"அவரால பேச முடியாது சார். ஆஸ்பத்திரி பேப்பரெல்லாம் இருக்குது."

"அப்ப ஒண்ணு செய்யி. அவரு முன்ன பேசின குரல்ல மாதிரிக்கு ஒண்ணு கொண்டா. ஒப்பிட்டுப் பாத்து மீட்டுத் தர்றேன்."

"அந்தக் குரலத்தான் சார் மீட்டுக் குடுங்கன்னு வந்திருக்கேன்!"

"அதான் சொல்றேனே. அத கொண்டாந்தா அத குடுத்துடறேன்."

பஸ்ஸில் திரும்பும்போது தாஜ் நிஷா ஆஸ்பத்திரி பேப்பர்களை மடித்துப் பைக்குள் வைத்தாள். ஜலாலுதீன் தன் குரல் போனதற்கு வருத்தப்பட்டதை அவள் அதிகம் பார்த்ததில்லை. இன்று அவள் முகத்தைப் பார்க்கப் பயந்துபோய் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அதுதான் அவளை அறுத்தது.

வீடு வந்ததும் அவனோடு வேலை செய்த பிரிட்டோவுக்குப் போன் போட்டாள். பாயின் குரல் எதிலாவது இருக்குமா, கம்பெனி விழா வீடியோ, எதுவாக இருந்தாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராகச் சுல்தான்பேட்டைக்கு வந்தான் பிரிட்டோ. வந்தவன் உட்காராமல் தலையைச் சொறிந்தான்.

"ஒண்ணு இருக்குதுக்கா. கோச்சிக்கக் கூடாது. பாய் உனக்கு அனுப்பறேன்னு நெனச்சி ஒருநாளு எங்க ஷிப்ட் குரூப்புல போட்டுட்டாரு. அவரு அழிக்கறதுக்குள்ள நான் எறக்கி வெச்சிகினேன். அத வெச்சித்தான் அவர ஓட்டுவோம். கேட் பாய்னே பேரு வெச்சிட்டானுங்க." அவன் ஜலாலுதீனைப் பார்க்காமல் பேசினான். "ஒடம்பு சரியில்லாமப் போனப்புறம் கேக்கவும் முடியல, அழிக்கவும் முடியல பாய்."

போட்டான்.

"தாஜு, இங்க ரயில்வே கேட்டு போட்டுட்டான். உங்க கம்பெனி பஸ்ஸு அந்தாண்ட நிக்குது. ஜன்னலாண்ட நீதான். தூங்கினு இருக்க. வாய்க்குள்ள ஈ பூந்தாக்கூட தெரியாது உனக்கு." நடுவில் அவன் சிரிப்பு. "எழுப்பலாம்னு போன் போடப் பாத்தேன். வேணாம், தூங்கு. நான் பாத்துகினு இருக்கேன். கேட்டு தொறக்கவே வேணாம்னு இருக்குது தாஜு. தொறந்தா நீ ஒரு பக்கம் போயிடுவ, நான் ஒரு பக்கம் போயிடுவேன்."

இந்த மெசேஜை அவள் கேட்டதே இல்லை. ஜலாலுதீன் வெட்கத்தில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். "இவரு இப்பிடியெல்லாம் பேசுவாராக்கா, கம்பெனில வாயத் தொறந்தா வசவுதான்" என்றான் பிரிட்டோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அடுத்த செவ்வாய் அதை மாதிரிக் குரலாகப் பாகூரில் கொடுத்தாள். தமிழ்க்குமரன் ஏற்றுக்கொண்டார். ரசீதும் கொடுத்தார். பத்து நாளில் வில்லியனூர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது: உங்கள் தரவு மீட்கப்பட்டது. இயக்ககத்தின் ஆண்டு விழா மேடையில் தலைமை இயக்குநர் தன் கையால் ஒப்படைப்பார். குரலின் சொந்தக்காரரும் வர வேண்டும்.

தாஜ் நிஷா ஜலாலுதீனின் வெள்ளைச் சட்டையை நீலம் போட்டுத் துவைத்து இஸ்திரி போட்டாள். கழுத்துக்குப் புதுத் துணி தைத்தாள். மல்லிப்பூ, உப்பு, திட்டு எல்லாம் திரும்ப வருகிறது. வந்ததும் முதலில் எதைக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே தைத்தாள்.

விழாப் பந்தலில் விசிறிகள் ஓடின. மேகம் இந்தத் தடவை பேனரில் மட்டும்தான் இருந்தது. தலைமை இயக்குநர் பேசினார்.

"இந்த ஆண்டு நமது கொம்யூனில் மீட்பு கேட்டு வந்த விண்ணப்பம் ஒன்று. மீட்டுத் தரப்பட்டது ஒன்று. நூற்றுக்கு நூறு! வேறு எந்த நாட்டு மேகமாவது இதைச் செய்திருக்கிறதா? அது மட்டுமல்ல. தூய்மை மேக வாரத்தை முன்னிட்டுக் குப்பைத் தொட்டி முழுவதையும் துப்புரவாகக் காலி செய்த பெருமையும் நமது தமிழ்க்குமரன் அவர்களையே சாரும். வில்லியனூருக்கு ஒன்று, பாகூருக்கு ஒன்று என்று இரண்டு விருதுகளை அவருக்கு வழங்குகிறேன்."

தமிழ்க்குமரன் இரண்டு தடவை மேடையேறினார். இரண்டு தடவையும் தனித்தனியாகக் கைகுலுக்கினார்.

கீழே உட்கார்ந்திருந்த தாஜ் நிஷாவுக்குக் காதில் விழுந்தது புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் இருவர் வந்து அவளையும் ஜலாலுதீனையும் மேடைக்கு அழைத்துப்போய்விட்டார்கள். தோளில் சால்வை விழுந்தது.

"இதோ, மீட்கப்பட்ட குரல்!" என்றார் தமிழ்க்குமரன்.

பந்தலின் எட்டுத் திசை ஸ்பீக்கரிலும் ரயில்வே கேட் மெசேஜ் ஒலித்தது. அவள் கொடுத்த மாதிரிக் குரல்தான். அவர்கள் மீட்டது அது ஒன்றைத்தான். "வாய்க்குள்ள ஈ பூந்தாக்கூட" என்ற இடத்தில் பந்தல் குலுங்கச் சிரித்தது. முன்வரிசையில் ஒரு அம்மாள் தாஜ் நிஷாவைக் காட்டி, "இவ வாயிலதாண்டி அந்த ஈ" என்றாள். "கேட்டு தொறக்கவே வேணாம்னு இருக்குது தாஜு" என்ற இடத்தில் தலைமை இயக்குநர் முடிந்துவிட்டது என்று நினைத்துக் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். மீதி யாருக்கும் கேட்கவில்லை.

"பேச்சிழந்தவரைப் பேச வைத்தது நம் மேகம்! ஐயா இப்போது இரண்டு வார்த்தை பேசுவார்" என்று மைக்கை ஜலாலுதீன் முன்னால் தள்ளினார் தமிழ்க்குமரன்.

ஜலாலுதீன் நின்றான். அவன் மூச்சு மைக்கில் விழுந்து பந்தல் முழுவதும் சீறியது. உள்ளே போனது, வெளியே வந்தது. சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக நின்றது.

"மைக்குல காத்து பூந்துகினு இருக்குது சார், கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க" என்று கத்தினான் மைக்செட்காரன்.

தாஜ் நிஷா மைக்கை வாங்கினாள். "மீதி எங்க சார்?" என்றாள். "இது நான் குடுத்தது. நீங்க அழிச்சது எங்க?"

தமிழ்க்குமரன் புன்னகை மாறாமல், மைக்கைக் கையால் பொத்தி, "அதான் சொன்னாங்களேம்மா, தொட்டி காலி. அதுக்குத்தான் விருது" என்றார்.

அவள் சால்வையைக் கழற்றி, அந்த மைக்கின் மேலேயே போர்த்திவிட்டு, ஜலாலுதீனின் கையைப் பிடித்து இறங்கினாள். "விழா முடியல" என்று பின்னால் யாரோ கத்தினார்கள்.

பஸ் ஸ்டாப்பில் நிழற்குடையில் உட்கார்ந்தாள். ஆபீசில் இந்தக் குரலை ஒலிக்க விட்டபோது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டவள், ஊரே கேட்டுச் சிரித்த பிறகு யாருக்காக மூடி வைப்பது என்று யோசித்தாள். போனை எடுத்தாள். பிரிட்டோ கொடுத்ததை முதலில் தங்கை ஃபைஜாவுக்கு அனுப்பினாள். பிறகு தையல் கம்பெனிப் பெண்கள் குரூப்பில் போட்டாள். தெருப் பெண்கள் குரூப்பில் போட்டாள். நாத்தனாருக்கு, சூப்பர்வைசருக்கு, பால்காரிக்கு. எண்கள் வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன. 'இத அழிக்காதீங்க. வேற யாருக்காச்சும் அனுப்பி வெச்சிக்குங்க' என்று கீழே ஒரு வரி.

ஜலாலுதீன் எட்டிப் பார்த்தான். பதறிப்போய் அவள் கையைப் பிடித்தான். தன் போனில் வேகமாக எழுதிக் காட்டினான்: 'கேஸ் சிலிண்டர்காரனுக்கு எதுக்கு?'

"இருக்கட்டும். அவன் போன் புதுசு" என்றாள் தாஜ் நிஷா.

அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்று அவளுக்குத் தெரியும்.

பஸ் வந்து, ஏறி, கூட்டத்தில் ஆளுக்கொரு கம்பியைப் பிடித்து நின்றபோது போன் அடித்தது. தமிழ்க்குமரன்.

"ஏம்மா, இன்னா காரியம் பண்ணிகினு இருக்க? அந்தக் குரல் இப்ப இயக்ககத்தோட மீட்புச் சொத்து. எங்க செல்வகுமாரி போனுக்கே யாரோ அனுப்பியிருக்காங்க. அனுமதி இல்லாம இத்தன பதிவு இருக்கக் கூடாது. எங்கெங்க இருக்குதுன்னு உடனே சொல்லு, அழிக்கணும்."

"எங்கெங்க இருக்குதுன்னு எனக்கே தெரியாது சார்" என்றாள் தாஜ் நிஷா. "அழிக்கறதுல நீங்க கெட்டிக்காரராச்சே. தேடிப் பாருங்க."